நிரந்தர விருந்தாளி

யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு சதுரங்கக் கழகம் இருக்கிறது. அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. என் கையால் அதற்கு விளம்பரம் வேண்டாம். போன வருடம் வெள்ளிவிழாக் கொண்டாடி, பளபளக்கிற தாளில் மலர் ஒன்றும் அடித்தார்கள். புரட்டிப் பார்த்தால் வழக்குப் பேசுகிற பிறக்கிராசிமார், டொக்டர்மார், அதிபர்மார் என்று பக்கத்துக்குப் பக்கம் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நிற்கிறார்கள். அவர்கள் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்துத் தோற்கடித்த மனிதரின் படத்தைத் தேடினேன், இல்லை. அந்த மனிதர் என் அண்ணை, குருநகர் கனிசியஸ். நான் அவருடைய தங்கை மார்கிரட். அண்ணை இதையெல்லாம் எழுத மாட்டார். எனக்குப் பொறுக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

எங்கள் அப்பா பேதுரு கரையோரக் குருநகரில் கடல் தொழில் செய்தவர். அண்ணை சதுரங்கம் பழகியது எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில். ஒருவரும் கூப்பிட்டு இருத்திச் சொல்லிக் கொடுக்கவில்லை, பார்த்துப் பிடித்துக்கொண்டார். ஒரு முறை அந்தப் பலகைக்கு முன்னால் குந்திவிட்டால் சாப்பாடும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். அப்பா வாசலில் வந்து நின்று கத்துவார்: "டேய், உந்த மரப்பொம்மையளை வைச்சுக்கொண்டு ஒரு சூடை மீன் பிடிபடுமோடா?" அண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "இந்தா வாறன் அப்பா" என்பார், வர மாட்டார்.

ஐம்பத்தாறாம் ஆண்டு அந்தக் கழகம் தொடங்கியது. யாரும் வந்து விளையாடலாம் என்று போட்டி ஒன்று வைத்தார்கள். யாரும் என்றால் தங்களைப் போல யாரும் என்றுதான் நினைத்திருக்க வேண்டும். அண்ணை போனார், எல்லாரையும் வென்றார். கழகத்துக்குச் செயலாளர் பிறக்கிராசி கனகரத்தினம். வெள்ளை வேட்டி, தங்கப் பிறேம் கண்ணாடி, பேச்சென்றால் தேன். அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கி, "கெட்டிக்காரன் தம்பி நீ" என்றார். கேடயத்தில் பெயரும் வெட்டினார்கள். ஆனால் அண்ணையின் பெயருக்குப் பக்கத்தில் விருந்தினர் என்று ஒரு சொல்லையும் சேர்த்தே வெட்டினார்கள்.

கழகத்தில் சேருவதற்கு இரண்டு உறுப்பினர் முன்மொழிய வேண்டும், அவ்வளவுதான். அண்ணையிடம் தோற்றவர்களே அங்கே அரைவாசிப் பேர். அதில் இரண்டு கை உயரவில்லை. குருநகர், கிறிஸ்தவ வேதக்காரர், கடற்கரைச் சனம். வாயால் ஒருவரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. அண்ணை வருடா வருடம் கேட்பார். கனகரத்தினம் வருடா வருடம் தோளில் தட்டி, "அடுத்த கூட்டத்திலை பாப்பம் தம்பி" என்பார். கேடயத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோக விடவில்லை. குருநகர் உப்புக்காற்றுப் பட்டால் வெள்ளி கறுத்துவிடுமாம்! கழகம் இருக்கிற இடத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடந்துபோகிற தூரம். ஒரே கடல், ஒரே காற்று. கேட்டுவிட்டு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணைக்குக் கோப்பை வேண்டாம், கேடயம் வேண்டாம். அந்தக் கழகம் தன்னை "எங்கடை ஆள்" என்று ஒரு தரம் சொல்ல வேண்டும். வாழ்க்கை முழுக்க அந்த மனிதர் ஆசைப்பட்டது அதற்குத்தான். நான் திட்டுவேன்: "உவங்கள் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன? உனக்கென்ன விசரே?" அவர் சொல்வார்: "விளையாட்டெண்டா ஒரு இடம் வேணும் பிள்ளை. சும்மா ரோட்டிலை நிண்டு விளையாடேலாது."

பஸ்களை அரசாங்கம் எடுத்த பிறகு அண்ணைக்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் டைம்கீப்பர் வேலை கிடைத்தது. பஸ் பிந்தினால் சனம் டைம்கீப்பரைத்தான் தின்னும். காலை முழுக்கப் பேச்சு வாங்குவார். பின்னேரம் ஏதாவதொரு பஸ்ஸில் தொற்றிக்கொண்டு விளையாடப் போய்விடுவார். நெல்லியடியில் ஒரு வாத்தியார் வீடு, மருதனார்மடச் சந்தியில் ஒரு புடவைக்கடையின் பின்பக்கம், மானிப்பாயில் ஒரு டொக்டரின் விறாந்தை. விளையாட்டும் ஆளைப் போலத்தான். அவசரமே கிடையாது. ராணியைப் பறக்கவிட்டுப் படம் காட்ட மாட்டார். சிப்பாய்களை ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக்கொண்டு போவார். எதிரில் இருப்பவருக்குக் கொட்டாவி வரும். கொட்டாவி விட்டு முடித்துப் பார்த்தால் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்கு முன்னால் நிற்கும். "கறுமம், இந்தாளோடை விளையாடுறதும் பல்லுப் பிடுங்கிறதும் ஒண்டு" என்று அந்த மானிப்பாய் டொக்டர் சொல்லுவாராம். சொல்லிவிட்டு அடுத்த கிழமையும் ஆளனுப்பிக் கூப்பிடுவார்.

இந்த இடத்தில் சோகியை, அதுதான் சோழியை, பற்றிச் சொல்லியாக வேண்டும். சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனால் ராணியாகலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். முதல் ராணி வெட்டுப்பட்டிருந்தால் அதை எடுத்து வைக்கலாம். அது பலகையிலேயே நின்றால்? இரண்டாவது ராணிக்கு எங்கே போவது? எங்கள் மண்டபத்தில் இருந்ததோ ஒரே ஒரு பெட்டிக் காய்கள். அதனால் பொடியள் கடற்கரையில் பொறுக்கிய சோகி ஒன்றை எடுத்து அந்தக் கட்டத்தில் வைத்துவிடுவார்கள், அதுதான் ராணி. அண்ணை போன இடமெல்லாம் சட்டைப்பையில் ஒரு சோகி போகும். அவரிடம் தோற்றுத் தோற்றே குடாநாடு முழுக்க அந்தப் பழக்கம் பிடித்துக்கொண்டது. கழகத்திலும் அதுதான். கனகரத்தினமே அண்ணையிடம் கேட்டு வாங்கினார்: "தம்பி, நல்ல வெள்ளைச் சோகியாப் பாத்து ரெண்டு கொண்டு வா." அண்ணை கடற்கரை முழுக்க நடந்து, பொறுக்கி, சுண்ணாம்பு போட்டுத் தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். கனகரத்தினம் அவற்றைத் தன் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

அறுபத்து நான்கில் கொழும்பில் அகில இலங்கைப் போட்டி ஒன்று நடந்தது. முதல் நான்கு இடத்தில் வருபவர்கள் நாட்டுக்காகச் சென்னைக்குப் போய் விளையாடுவார்கள். கழகத்தின் சார்பில் யாரை அனுப்புவது? வேறு யார் இருக்கிறார்கள்! வெல்ல வேண்டுமென்றால் மட்டும் விருந்தாளி வேண்டும். கனகரத்தினம் மனேச்சராக வந்தார். புறப்படும்போது அண்ணையிடம் சொன்னாராம்: "நீ சென்னைக்குப் போற ஆளா வந்தியெண்டால் நானே முன்மொழிஞ்சு உன்னைக் கழகத்திலை சேக்கிறன்." யாழ்தேவி ரயிலில் பொழுது போகாமல் இருவரும் விளையாடிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அனுராதபுரம் தாண்டுமுன் கனகரத்தினம் ஒரு சிப்பாயைக் கடைசிக் கட்டத்துக்கு ஏற்றி, பையிலிருந்து சோகியை எடுத்து வைத்து, "இந்தா ராணி!" என்று தொடையில் தட்டிச் சிரித்தாராம். இதை அண்ணை கோட்டை ஸ்டேசனில் இறங்கியதுமே என்னிடம் சொன்னார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பிறக்கிராசி ஐயா தன்னோடு சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்தாராம்.

நான் அப்போது புறக்கோட்டையில் ஒரு கொம்பனியில் தட்டெழுத்து வேலை, இருந்தது கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டில். கடைசிச் சுற்று அன்று லீவு போட்டுவிட்டு மண்டபத்தின் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். அந்த ஆட்டத்தை வென்றால் அண்ணைக்கு நான்காவது இடம், தோற்றால் ஒன்றுமில்லை. எதிரில் கொழும்பு வழக்கறிஞர் ஒருவர், இளம் ஆள். அண்ணை வழக்கம்போல ஊர்ந்தார், கைவசம் இருந்த நேரமெல்லாம் கரைந்துகொண்டு போனது. ஆனால் சிப்பாய் ஏறிவிட்டது. கடைசிக் கட்டம்! அண்ணையின் பழைய ராணியும் பலகையிலேயே நின்றது. கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது, சோகியை எடுத்து வைத்தது, மணிக்கூட்டை அழுத்தியது. எத்தனை வருடப் பழக்கம். மனிதர் அதைப் பற்றி ஒரு கணமும் யோசித்திருக்க மாட்டார்.

அந்த வழக்கறிஞர் சோகியையே பார்த்துக்கொண்டிருந்தார். கன நேரம், நிமிடக் கணக்கில் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டார்.

நடுவர் ஒரு வயதான சிங்கள மனிதர். வந்து, மணிக்கூட்டை நிறுத்திவிட்டு, சோகியை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தார். நக்கல் சிரிப்பில்லை. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னார்: சோகி ஒரு காய் என்று சட்டத்தில் இல்லை. கண்டிப்பாகப் பார்த்தால் நகர்வு முடியவில்லை, மணிக்கூட்டை அழுத்தியது செல்லாது, எதிராளி யோசித்த நேரமெல்லாம் இவருடைய கணக்கில் விழும், இவர் நேரம் போய்த் தோற்றதாக ஆகும். ஆனால் ஒரு கழகமே இப்படித்தான் விளையாடுகிறது என்றால் அது களவில்லை, பழக்கம். அப்படியென்றால் நானே ஒரு ராணியைத் தேடித் தருகிறேன், ஆட்டம் தொடரட்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, மனேச்சராக முன்வரிசையில் இருந்த கனகரத்தினத்தைப் பார்த்துக் கேட்டார்: "உங்கள் கழகத்தில் இதுதான் வழக்கமா?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

கனகரத்தினம் சுற்றிவரப் பார்த்தார். கோட்டுப் போட்டவர்கள், சுருட்டுப் பிடிப்பவர்கள், கொழும்புப் பெரிய மனிதர்கள். அவர்கள் முன்னால் அவருக்குச் சோகி வெட்கமாகப் போய்விட்டது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வடிவான ஆங்கிலத்தில் சொன்னார்: "ஒருபோதும் இல்லை. எங்கள் கழகத்தில் முறையான காய்கள்தான். இது இவருடைய பகுதி மீன்பிடிகாரர் செய்கிற வேலை. இவர் எங்களுக்கு விருந்தினர் மட்டுமே."

மாதாவே! எனக்கு எங்கேயிருந்து குரல் வந்ததோ தெரியாது. "பொய்! அண்டப்புளுகு! உங்கடை சேட்டுப் பைக்குள்ளையும் ரெண்டு கிடக்கு, எடுத்துக் காட்டுங்கோ பாப்பம்!" என்று எழும்பி நின்று கத்தினேன். எனக்கு ஆங்கிலம் தெரியும், அதில்தான் தட்டெழுத்தும் செய்தேன். ஆத்திரத்தில் தமிழ்தான் வந்தது. நடுவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு பேர் வந்து என்னை வெளியே கொண்டுபோய் விட்டார்கள். கதவடியில் திரும்பிப் பார்த்தேன். அண்ணை எழும்பி நின்று அந்த வழக்கறிஞருக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஸ்டேசனில் கேட்டேன்: "வாயிலை என்ன கொழுக்கட்டையே வைச்சிருந்தனீ? ஏன் அண்ணை ஒண்டும் கதைக்கேல்லை?"

"செயலாளர் ஒண்டு சொல்லிப்போட்டார். நான் எழும்பி வேறை சொன்னா வெளியாக்களுக்கு முன்னாலை கழகத்துக்கு வெக்கமெல்லே பிள்ளை?"

கேட்டீர்களா கதையை! தன்னைக் கைகழுவி விட்ட கழகத்தின் மானத்தை அந்த மனிதர் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் சமாதானமாகிவிடுவேன் என்று பயந்து இன்னும் நாலு பேச்சுப் பேசினேன்.

யாழ்ப்பாணத்துக்கு வந்து கனகரத்தினம் சொன்னது, "நேரம் காணாமல் தோத்திட்டார், பாவம்." கழகத்து மேசைகளில் சோகி வைத்து விளையாடுவது அடுத்த நாளும் நடந்தது, அடுத்த வருடமும் நடந்தது. கூச்சநாச்சம் இருந்தால்தானே? அண்ணையும் போனார். போகாதே என்று நானும் சொன்னேன், அவரைக் கட்டிய லூர்த்தம்மாவும் சொன்னாள். போய் வென்றுகொண்டே இருந்தார். எழுபதுகளில் கொழும்பிலிருந்து வந்த பெரிய ஆட்டக்காரர்கள்கூடக் குருநகரைத் தேடி வந்து அண்ணையிடம் தோற்றுவிட்டுப் போனார்கள். தலை நரைத்தது, கண்ணாடி வந்தது, பதவி உயர்வு வரவில்லை, சிப்பாய் மட்டும் பழையபடி ஊர்ந்தது. கேடயத்தில் வருடத்துக்கு வருடம் அதே பெயர், பக்கத்தில் அதே விருந்தினர்.

எழுபத்தேழு இனக்கலவரத்தில் கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த வீட்டைக் கொளுத்தினார்கள். உடுத்த உடுப்போடு அகதியாகக் கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தவள் நான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இனி நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு யாரும் எனக்குச் சிங்களவர் மேல் கரிசனை என்று கதைக்கக் கூடாது. எனக்கு இருக்கிற கோபத்தில் அரைவாசி உங்களுக்கு இராது.

வெள்ளிவிழா எண்பத்தொன்றில் வரவேண்டியது. நூலகத்தைக் கொளுத்திய அந்த வருடம் ஊர் பட்ட பாட்டில் அடுத்த தை மாதத்துக்குத் தள்ளிப்போனது. கனகரத்தினம் இப்போது தலைவர். புதுச் செயலாளர் அருட்பிரகாசம் இளம் ஆள், நல்ல பிள்ளை. அவர்தான் அண்ணையைக் கௌரவிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாராம். பொன்னாடை போர்த்து, ஆயுள் உறுப்பினர் ஆக்குவதாக வந்து சொன்னார். அண்ணை புதுச் சேட்டு ஒன்று தைப்பித்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்று சீப்பால் தலை இழுத்ததைப் பார்த்து, "என்ன, மாப்பிள்ளை திரும்பவும் புறப்பட்டிட்டார் போலை" என்று லூர்த்தம்மா பகிடி பண்ணினாள். ஆயுள் உறுப்பினர் என்ற சொல்லை அவர் அன்று எத்தனை தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தாரோ.

மண்டபம் நிறையச் சனம். கனகரத்தினம் மைக்கைப் பிடித்தார். "எங்கடை கனிசியஸ்!" என்று தொடங்கினார். பக்கத்தில் இருந்த அண்ணையைப் பார்த்தேன். புதுச் சேட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். வந்த ஆத்திரமெல்லாம் எனக்கு ஒரு நிமிடம் அடங்கிப்போனது. போகட்டும், கடைசியிலாவது சொன்னானே கிழவன் என்று நினைத்தேன்.

கிழவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"அறுபத்து நாலாம் ஆண்டு கொழும்பிலை எங்கடை கனிசியஸ் வெல்லுற நேரம், சிங்கள நடுவர் என்ன செய்தான் தெரியுமோ? சோகியைத் தூக்கி எறிஞ்சான்! தமிழன்ரை ராணியை எறிஞ்சான்! நான் மேசையிலை அடிச்சுக் கேட்டன், இது எங்கடை கழகத்தின்ரை வழக்கம், எங்கடை மண்ணின்ரை வழக்கம் எண்டு. கேட்டானோ? தமிழன் எண்டபடியால் தோற்கடிச்சான்!"

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிக் கைதட்டல். பின்னால் நின்ற பொடியள் விசிலடித்தார்கள். மனிதர் செய்த அநியாயம் ஒன்று. அந்த அநியாயத்தையே எடுத்துத் துடைத்து மினுக்கித் தன் சட்டையில் பதக்கமாகக் குத்திக்கொண்டு நிற்கிறாரே, இதற்கு என்ன பெயர்? நான் எழும்பப் பார்த்தேன். லூர்த்தம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் அண்ணையைப் பேசக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அண்ணை மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். பிறகு பஸ் நிலையத்தில் நேரம் சொல்கிற அதே குரலில் சொன்னார்: "அந்த நடுவர் நல்ல மனுசன். சோகியை எறியேல்லை. தானே எனக்கு ஒரு ராணி தேடித் தாறன் எண்டவர். உங்கடை கழகத்திலை இதுதானோ வழக்கம் எண்டு ஒண்டே ஒண்டு கேட்டவர். இல்லை எண்டு சொன்னது எங்கடை ஆள் ஒருத்தர்."

பின்னால் யாரோ ஒரு பொடியன் கேட்டான்: "ஆரண்ணை அது?"

அண்ணை மைக்கைக் கழற்றிக் கனகரத்தினத்திடம் நீட்டினார். "ஐயா, நீங்களே சொல்லுங்கோ."

கனகரத்தினம் மைக்கை வாங்கினார். கண்ணாடியைச் சரிசெய்தார். "நேரம் போயிட்டுது. அடுத்ததாக மாணவிகளின் நடனம்" என்றார்.

அவ்வளவுதான். பாட்டுப் போட்டார்கள், பிள்ளைகள் வந்து ஆடினார்கள், சனம் தேத்தண்ணியும் வடையும் எடுக்க முண்டியடித்தது. பொன்னாடை மடித்தபடியே கதிரையில் கிடந்தது. ஒருவரும் திரும்பிக் கேட்கவில்லை, யார் அது என்று.

கழகம்தான் அப்படி என்றால் எங்கள் குருநகர்ச் சனத்துக்கு என்ன வந்தது? ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் எங்கள் சொந்தக்காரரே மறித்துக் கேட்கிறார்கள்: "இந்த நேரத்திலை எங்கடை ஆக்களை விட்டுக்குடுக்கலாமோ?" கேட்டவர்களில் ஒருவராவது அந்தக் கழகத்துக்குள் கால் வைத்ததில்லை. நான் ஒவ்வொருவருக்கும் மறுமொழி கொடுத்தேன். கோயில் வாசலில் அவ்வளவு பேசியிருக்கக் கூடாதுதான், பேசிவிட்டேன்.

அடுத்த கிழமை அருட்பிரகாசம் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. தேத்தண்ணி கொடுத்தோம், குடித்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணை, உங்கடை ஆயுள் உறுப்புரிமை இப்பவும் இருக்கு. கமிட்டியிலை கதைச்சிட்டன். கன காலத்துக் கதை, எனக்கு நினைவு பிசகிப்போச்சு எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். மலரிலை படமும் வரும். தலைவரும் ஒண்டும் மனசிலை வைக்க மாட்டார்."

"ஓகோ! அவர் மனசிலை வைக்க மாட்டாரோ?" நான் பாய்ந்துவிட்டேன். "தம்பி, நீர் நல்ல பிள்ளை, ஆனபடியால் சொல்லுறன். இவர் இவ்வளவு காலமா உங்களுக்கு வெண்டு தந்தவர். அப்ப ஒருத்தரும் இவரை எங்கடை ஆள் எண்டு சொல்லேல்லை. சொல்லுறதுக்கு ஒரு சிங்களவன்ரை பிழை தேவைப்பட்டதோ உங்களுக்கு? அதுவும் அவன் செய்யாத பிழை?"

"மார்கிரட், பொடியனைப் பேசாதை" என்றார் அண்ணை.

அருட்பிரகாசம் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "எனக்கு விளங்குது அக்கா. ஆனா அந்த நடுவர் இப்ப உயிரோடை இருக்கிறாரோ தெரியாது. அவருக்கு இதாலை ஒரு நட்டமும் இல்லை. கொழும்பிலை இருக்கிற ஒரு சிங்கள ஆள்... அவர் செய்ததெண்டு விட்டா அண்ணைக்கு என்ன குறைஞ்சு போகும்?"

அண்ணை அந்தப் பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு வருடம் ஆசைப்பட்டது வீடு தேடி வந்து முன்னால் உட்கார்ந்திருக்கிறது. இந்த முறையும் எங்கே தலையாட்டிவிடுவாரோ என்று, உண்மையைச் சொன்னால், நான் பயந்துதான் போனேன்.

"அந்தாள் செய்யேல்லையே, தம்பி" என்றார் அண்ணை.